பழைய ஸ்டீரியோ செட்: கையில் உள்ள கொஞ்சப் பணத்தை எங்கே போடுவது

1970களில் வந்த ஆம்ப்ளிஃபையரோ ரிசீவரோ கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது, உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறு உருளை) அத்தனைக்கும் பட்டியல் போட்டு ஆர்டர் கொடுப்பதுதான். அந்த வேலையைக் கடைசிக்கு வையுங்கள். அந்தக் காலத்து ட்ரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் கனமான பெட்டியும் பெரும்பாலும் இன்றும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது வேறு: ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம், டர்ன்டேபிள் பெல்ட், ஊசி, சுவிட்சுக்குள்ளும் வால்யூமுக்குள்ளும் உரசுகிற கான்டாக்ட். காதுக்குத் தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த நான்கில்தான் இருக்கிறது, ஆகிற செலவும் இவற்றில்தான் குறைவு.

பிளக்கைச் சொருகும் முன்

பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்குச் செய்தது 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தது 117 அல்லது 120 வோல்ட். அதை 230 வோல்ட்டில் சொருகினால் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். சில செட்டுகளில் வோல்டேஜ் மாற்றும் திருகு இருக்கும். இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். செட்டின் வாட்டை விடக் குறைந்தது ஒன்றரை மடங்கு திறனுள்ளதாகப் பாருங்கள்.

வால்வ் செட் என்றால் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, அணைத்த பிறகும் தேங்கி நிற்கிறது. அது பழகிய கைக்கான வேலை. இங்கே சொல்வதெல்லாம் ட்ரான்சிஸ்டர் செட்டுக்கு.

பல வருடம் சும்மா கிடந்த செட்டை நேராக மெயின்ஸில் போடக்கூடாது. சீரிஸ் பல்ப் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் போகும் ஃபேஸ் கம்பியை மட்டும் வெட்டி, இரு முனைக்கும் நடுவே ஒரு பல்ப் ஹோல்டரைக் கோர்த்தால் போதும். அதில் போடுவது 60 அல்லது 100 வாட் பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. செட்டை ஆன் செய்ததும் பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி, மெல்லிய சிவப்பில் நின்றால் நல்லது. மங்காமல் பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். மெயின்ஸின் ஏசியை டிசியாக (ஒரே திசை மின்சாரமாக) மாற்றும் ரெக்டிஃபையரோ ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் ட்ரான்சிஸ்டரோ போயிருக்கிறது. பல்ப் நடுவில் இருப்பதால் அந்த ஷார்ட் மேலும் எதையும் எரிக்காது. பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர், அதே வகை பியூஸையே போடுங்கள். பெரிய பியூஸ் போட்டால் அடுத்து எரிவது ட்ரான்ஸ்ஃபார்மர்.

அடுத்து மல்டிமீட்டர். ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல், வால்யூமை முழுக்கக் குறைத்து, செட்டைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு சேனலின் ஸ்பீக்கர் டெர்மினலிலும் அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் அந்தச் சேனலில் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. எட்டு ஓம் ஸ்பீக்கரில் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயில், டிசிக்குச் சுமார் 6 ஓம்தான். அதன் மேல் 30 வோல்ட் டிசி விழுந்தால் 150 வாட், சத்தமாக இல்லாமல் முழுவதும் சூடாகவே காயிலில் இறங்கும். சில நொடியில் புகை வந்துவிடும். 1970களின் தொடக்கத்தில் வந்த சில செட்டுகளில் அவுட்புட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தொடராக 1000 முதல் 2200 மைக்ரோஃபாரட் வரை பெரிய கன்டென்சர் இருக்கும். அவற்றில் ஆன் செய்ததும் சில வோல்ட் காட்டி, மெல்ல இறங்கிப் பூஜ்யத்துக்கு வருவது இயல்பு.

ப்ரொடெக்ஷன் ரிலே (டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள செட்டில் ஆன் செய்து மூன்று முதல் ஐந்து நொடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சீரிஸ் பல்பில் ஓடும்போது வோல்டேஜ் குறைவதால் சில சமயம் இது கேட்காது. நேராக மெயின்ஸில் போட்டும் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் ரிலே தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்: உள்ளே டிசி இருக்கிறது. ரிலேயைத் தாண்டி ஒயர் போட்டுச் சத்தம் வரவழைக்கும் குறுக்குவழி ஸ்பீக்கரைப் பலி கொடுக்கிற வழி.

கரகரப்பும் காணாமல்போன சேனலும்

இரண்டு பக்கமும் சத்தமே இல்லையா? திறக்கும் முன் முகப்பில் 'டேப் மானிட்டர்' பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அது அழுந்தியிருந்தால் செட், அங்கே இல்லாத டேப் டெக்குக்காகக் காத்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' என்று இருந்தால் இரண்டையும் இணைக்கும் யு வடிவக் கம்பிகள் இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். விற்பவர்கள் 'டெட் செட்' என்று ஒதுக்குவதில் சில, இந்த இரண்டால் மட்டுமே ஊமையானவை.

ஒரு சேனல் வந்து வந்து போனால், வால்யூமைத் திருப்பும்போது கரகரத்தால், கான்டாக்ட் கிளீனர் வேண்டும். எலக்ட்ரானிக்ஸுக்கென்றே விற்கும், மசகு கலந்த வகையாக இருக்கட்டும். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம். அது பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பிடித்துவைக்கும்.

பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, வால்யூம் கன்ட்ரோலின் பின்பக்கம் பாருங்கள். ஈயம் வைத்த மூன்று கால்கள் வெளியே வரும் இடத்தில், தகரக் கூட்டுக்கும் பழுப்பு அட்டைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். ஸ்ப்ரேயின் குழாய் முனையை அங்கே வைத்து ஒரே ஒரு சின்ன அழுத்து. உடனே நாபை முனையிலிருந்து முனைவரை முப்பது தடவை திருப்புங்கள். அடியில் துணியில் வழிவது கறுப்பாக வரும். அது கார்பன் பாதையின் மேல் படிந்த அழுக்கு. மறுபடி ஒரு சின்ன அழுத்து, மறுபடி முப்பது. பீய்ச்சி அடித்தால் தண்டில் உள்ள கிரீஸ் கரைந்து, திருப்பும்போது கையில் உணர்கிற அந்தக் கனம் போய்விடும். பாஸ், ட்ரெபிள், பேலன்ஸ், செலக்டர், ஸ்பீக்கர் ஏ-பி சுவிட்ச், டேப் மானிட்டர் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஒரு மணி நேரம் உலரவிட்டுப் பிறகு கரன்ட் கொடுங்கள்.

இரண்டு முறை சுத்தம் செய்தும் வால்யூம் கரகரத்தால் குற்றம் பெரும்பாலும் வால்யூமில் இல்லை. அதற்கு முன்னால் உள்ள, டிசியைத் தடுத்துப் பாட்டு சிக்னலை மட்டும் விடவேண்டிய கப்ளிங் கன்டென்சர் கசிந்து டிசியை உள்ளே விடுகிறது. வால்யூமின் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்தால் தெரிந்துவிடும். அந்த ஒரு கன்டென்சரை மாற்றினால் சரியாகும்.

வால்யூமைக் கூட்டினால் சேனல் வருகிறது, குறைத்தால் மறைகிறது என்றால் ரிலேயின் கான்டாக்ட் கறுத்திருக்கிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத் துண்டைக் கான்டாக்டுக்கு நடுவே விட்டு, விரலால் லேசாக அழுத்திக்கொண்டு இழுங்கள். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய், சில மாதத்தில் முன்னை விட மோசமாகும். புது ரிலே விலை அதிகமில்லை. காயில் வோல்டேஜும் கால் அமைப்பும் பொருந்த வேண்டும்.

ஸ்பீக்கர்: பணம் போடவேண்டிய முதல் இடம்

வூஃபரின் முன்வலையைக் கழற்றி, கோனின் ஓரத்தை விரல்நுனியால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் 15, 20 வருடத்தில் காற்றும் ஈரமும் பட்டே பொடிந்துபோகும், பாட்டு போட்டாலும் போடாவிட்டாலும். ரப்பரும் மடிப்புத் துணியும் நீண்ட நாள் தாங்கும். ஃபோம் கிழிந்த வூஃபரில் பாஸ் மெலிந்து, பறபறவென்ற சத்தம் சேரும். அப்படியே ஓட்டினால் காயில் காந்தத்தில் உரசித் தேய்ந்துவிடும்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. இரு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். சரசரவென்று உரசினால் காயில் வளைந்திருக்கலாம். ஃபோம் மாற்றினாலும் பலன் இருக்காது. சத்தமில்லாமல் போய்வந்தால் வேலையைத் தொடங்கலாம்.

புது ஃபோம் வாங்க நான்கு அளவு எடுங்கள்: ஃபிரேமில் ஃபோம் ஒட்டும் இடத்தின் வெளிவிட்டம், உள்விட்டம், கோனின் விட்டம், வளைந்த பகுதியின் அகலம். 'எட்டு அங்குல வூஃபர்' என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது. ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். பழைய ஃபோமும் புதியதும் ஒரே மாதிரி வளையாது, இரண்டு பக்க பாஸும் வேறுபடும்.

வூஃபரைக் கழற்றும்போது எந்த ஒயர் பிளஸ் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஃபோமைப் பிய்த்து, மிச்சப் பிசினை ஆல்கஹால் தொட்ட துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுங்கள். காகிதக் கோனை ஊறவிடக் கூடாது. பிளாஸ்டிக் கோன் என்றால் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடுவது இந்தச் சுத்தத்தில்தான். பழைய பிசின் மேல் ஒட்டிய புது ஃபோம் ஓரிரு மாதத்தில் உரிந்துவரும்.

பசை போடாமல் ஒருமுறை வைத்துப் பொருத்திப் பாருங்கள். பிறகு கோனின் ஓரத்தில் மட்டும், உலர்ந்தபின் வளையக்கூடிய வெள்ளைப் பசையை மெல்லிய கோடாகப் பூசி ஃபோமை ஒட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஃபிரேம் பக்கம். இங்கேதான் காயிலை நடுவில் நிறுத்த வேண்டும். பசை ஈரமாக இருக்கும்போதே கோனை அழுத்தி அழுத்தி விடுங்கள். உரசும் சத்தம் கேட்டால், அது நிற்கும்வரை ஃபோமை ஒரு மயிரிழை நகர்த்துங்கள். இன்னொரு வழி, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த வால்யூமில் கொடுத்து, சுத்தமான 'ம்ம்ம்' கேட்கும்வரை சரிசெய்வது. ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்கத் தொடக்கூடாது.

ஸ்பீக்கர் பெட்டி திறந்திருக்கும்போதே, வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரைப் பாருங்கள். ட்வீட்டருக்குப் போகும் வழியில் 2.2 முதல் 10 மைக்ரோஃபாரட் வரையிலான பைபோலார் (பிளஸ்-மைனஸ் குறி இல்லாத) எலக்ட்ரோலிட்டிக் ஒன்றோ இரண்டோ இருக்கும். காய்ந்துபோனால் ட்வீட்டர் மங்கும். அதே மதிப்பில் ஃபிலிம் கன்டென்சர் போடலாம். 6.8 கிடைக்காவிட்டால் 4.7ஐயும் 2.2ஐயும் பக்கத்துப் பக்கத்தில் இணைத்தால் 6.9; அது போதும். பிளஸ்-மைனஸ் குறியுள்ள சாதாரண எலக்ட்ரோலிட்டிக் இங்கே போடக்கூடாது. மாற்றிய பின் ட்வீட்டர் காதைக் குத்துவதுபோல் இருந்தால், ஃபிலிமின் உள்தடை பழையதை விட மிகக் குறைவு என்பதே காரணம். தொடராக அரை ஓம் முதல் ஒரு ஓம் வரை 5 வாட் ரெசிஸ்டர் சேர்த்தால் அடங்கும்.

ஒயர் இணைத்த பின், 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு டெர்மினலிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொடுங்கள். இரண்டு வூஃபரும் ஒரே திசையில், பொதுவாக வெளியே, நகர வேண்டும். ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் போனால் பாஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பாடகரின் குரல் நடுவில் நிற்காது.

பைசா செலவில்லாத மேம்பாடு, இடம் மாற்றுவது. மூலையில் திணித்த ஸ்பீக்கரில் இரு சுவரும் தரையும் சேர்ந்து பாஸை ஊதிப் பெருக்கும். சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளி வைத்தால் குரல் தெளியும். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கட்டும். இரு ஸ்பீக்கருக்கும் இடையிலான தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் நீங்கள் உட்காரும் தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

ஸ்பீக்கர் ஒயருக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செப்பு ஒயரில் ஐந்து மீட்டர் போய்த் திரும்பினால் 0.12 ஓம் அளவுதான். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. இணைக்கும் முனையில் ஒரு இழைகூடப் பிசிறி பக்கத்து டெர்மினலைத் தொடாமல் பார்ப்பதுதான் முக்கியம். பல செட்டுகளில் ஏ-யும் பி-யும் சேர்த்து அழுத்தினால் இரண்டு ஜோடியும் பேரலலாகும். நான்கு ஓம் இரண்டு சேர்ந்தால் இரண்டு ஓம், அவுட்புட் ட்ரான்சிஸ்டர் தாங்காது.

டர்ன்டேபிளும் போனும்

பெல்ட் தளர்ந்தால் வேகம் குறையும், நீண்ட சுரம் தள்ளாடும். புதியதைப் போடும் முன் மோட்டார் புல்லியையும் தட்டின் உள்விளிம்பையும் ஆல்கஹாலால் துடையுங்கள், பெல்ட்டில் விரல் எண்ணெய் படாமல் மாட்டுங்கள். ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாவிட்டால் தேய்ந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த ஊசி ரெக்கார்டைச் சீவும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் நன்றாக இருந்தால் ஊசி மட்டும் போதும். இரண்டும் மாற்றுவதாக இருந்தால் ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசை கைக்கு அடக்கமானது: அதே உடலில் கூம்பு ஊசியை இன்று போட்டு, நீள்வட்ட ஊசிக்குப் பிறகு மாறிக்கொள்ளலாம். ஊசி ரெக்கார்டை அழுத்த வேண்டிய எடை 2 கிராம், ஃபோனோ உள்ளீட்டில் வேண்டிய லோடு 47 கிலோஓம். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் சின்ன டிஜிட்டல் தராசில் அளங்கள். கூடுதல் எடையை விடக் குறைந்த எடைதான் ரெக்கார்டுக்கு ஆபத்து. ஊசி பள்ளத்தில் குதித்துக் குதித்துச் சுவரைக் கொத்தும். உறுமல் கேட்டால் டர்ன்டேபிளின் மெல்லிய கிரவுண்ட் ஒயர் செட்டின் பின்பக்கத் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

போனிலிருந்து பாட்டுக் கேட்க ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவர் போதும். அதை 'ஆக்ஸ்' அல்லது 'டேப் ப்ளே'யில் மாட்டுங்கள். 'ஃபோனோ'வில் மாட்டக்கூடாது. அது சில மில்லிவோல்ட் கார்ட்ரிட்ஜுக்கானது. பாஸைத் தூக்கி ட்ரெபிளை இறக்கும் ஆர்ஐஏஏ திருத்தமும் அதற்குள் இருக்கிறது. பழைய ஐரோப்பிய செட்டில் ஆர்சிஏ ஜாக்குக்குப் பதில் 'டின்' எனப்படும் ஐந்து கால் வட்ட சாக்கெட் இருக்கலாம். அதில் உள்ளே போகும் சிக்னல் 3 இடது, 5 வலது, 2 கிரவுண்ட்.

இன்னொரு சிக்கல். 1970களின் ஆக்ஸ் உள்ளீடு பெரும்பாலும் 150 மில்லிவோல்ட்டுக்கே முழுச் சத்தம் தரும். 1982இல் வந்த சிடி ப்ளேயரும், அதன் வழியில் வந்த டிஏசிக்களும் (டிஜிட்டல் பாட்டை சிக்னலாக மாற்றும் பெட்டிகள்) 2 வோல்ட் வரை கொடுக்கும். வால்யூமைத் தொட்டதுமே அலறும். அந்த அடிமட்டத்தில்தான் பழைய வால்யூமின் இரு சேனலும் ஒத்துப்போகாது, ஒரு பக்கம் மட்டும் கேட்கும். கேபிளுக்கு நடுவே ஒவ்வொரு சேனலிலும் 22 கிலோஓம் தொடராகவும், அதன் பின் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 10 கிலோஓமும் வையுங்கள். சிக்னல் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே இறங்கும். நான்கு ரெசிஸ்டர், கால் மணி நேர வேலை. ப்ளூடூத் பெட்டியிலிருந்து 'கீ' என்று மெல்லிய ஊளை வந்தால் வேறு சார்ஜரில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்.

கடைசியாக, கன்டென்சர்

மாற்றுவதற்குக் காரணம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். வால்யூமைக் குறைத்தும் இரு பக்கமும் ஒரே அளவில் உறுமினால் பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கன்டென்சர்கள். ஒரு பக்கம் மட்டும் பாஸ் மெலிந்தால் அந்தச் சேனலின் கப்ளிங். தலை உப்பியது, அடியில் கசிந்தது இரண்டும் கேள்வியில்லாமல் போக வேண்டியவை. ஆனால் அடியில் உள்ள பழுப்புப் பிசின் எல்லாம் கசிவல்ல. கன்டென்சர் ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் போட்ட பசையாகவும் இருக்கும். அந்தப் பசையும் வயதானால் மின்சாரம் கடத்தும், பக்கத்துக் கால்களை அரிக்கும். சுரண்டி எடுத்துவிடுங்கள்.

தொடும் முன் பிளக்கைப் பிடுங்கி, 1 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரை ஃபில்டர் கன்டென்சரின் இரு காலுக்கும் குறுக்கே ஒரு நிமிடம் பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது பொறி பறக்க விடுகிற வேலை. போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கழற்றினால் அதே இடத்தில் ஒன்றைப் போட்ட பிறகே அடுத்தது. மைக்ரோஃபாரட் அதே, வோல்ட் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி வகை. ஃபில்டரில் மதிப்பை இரண்டு மூன்று மடங்காக்கினால் ஆன் செய்யும் கணத்தில் பாயும் கரன்ட் ரெக்டிஃபையரையும் பவர் சுவிட்சையும் தின்றுவிடும். ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம். பழைய பழுப்பு போர்டில் சால்டரிங் அயர்னை மூன்று நொடிக்கு மேல் வைத்தால் செப்புப் பாதை உரிந்து வரும்.

உஸ்ஸென்றும் சடசடவென்றும் வால்யூமுக்குக் கட்டுப்படாத இரைச்சல் வந்தால் கன்டென்சரைச் சந்தேகிக்காதீர்கள், சிறிய ட்ரான்சிஸ்டர்களைப் பாருங்கள். 2எஸ்சி458, 2எஸ்ஏ726 இரண்டும் இதற்குப் பேர்போனவை. கேஎஸ்சி1845, கேஎஸ்ஏ992 பொருந்தும். கால் வரிசையை டேட்டாஷீட்டில் சரிபார்த்த பிறகே ஈயம் வையுங்கள்.

பவர் போர்டைத் தொட்டிருந்தால் பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் ட்ரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரன்ட்டை, மறுபடி வைக்க வேண்டும். சர்வீஸ் மேனுவல் சொல்லும் மில்லிவோல்ட்டை எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே அளக்க வேண்டும், 0.33 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் 30 மில்லிஆம்பியர். மீட்டர் ஒயரின் கூர்முனை வழுக்கி இரண்டு காலை ஒன்றாகத் தொட்டால் அவுட்புட் போய்விடும், அதனால் கையில் பிடிக்காமல் கொக்கி கிளிப் மாட்டுங்கள். பயாஸை வைக்கும் சிறு திருகான பழைய ட்ரிம்மரில் அழுக்கு ஏறி நடுக்கால் தொடாமல் போனால், பல சர்க்யூட்டில் பயாஸ் உச்சத்துக்குப் பாயும். சந்தேகம் இருந்தால் புது மல்டிடர்ன் ட்ரிம்மரையே போட்டுவிடுங்கள்.

பிறகு மறுபடி சீரிஸ் பல்ப், மறுபடி ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி, அதன் பின் நேரான மெயின்ஸ். விலை குறைந்த ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, இரண்டு பக்க ஹீட் சிங்க்கையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்கிற சூட்டில், இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் நல்ல ஸ்பீக்கரை மாட்டலாம்.